எழுபது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய அருட்தந்தை

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகரத் தெருக்களில் மக்கள் திரண்டு நின்றனர். குதிரைகள் பூட்டிய இராணுவ வண்டியில், நாட்டுக் கொடி போர்த்திய பேழை ஒன்று பேராலயத்தை நோக்கி மெல்லச் சென்றது. அதனுள் இருந்தவர் இறந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன! அவர்தாம் அருட்தந்தை எமில் கப்பான்.

1916 ஏப்ரல் 20-இல், பில்சன் என்னும் சிற்றூரில், செக் வழிவந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1940-இல் குருப்பட்டம் பெற்று, 1944-இல் படைவீரர்களின் ஆன்ம குருவானார். நம் இந்தியாவிலும் பர்மாவிலும் அவர் பணியாற்றினார் என்று அறிந்தபோது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

1950-இல் கொரியப் போர் மூண்டது. போர்முனையில் ஜீப் வண்டியின் முன்பகுதியே அவருக்குப் பலிபீடம். நவம்பர் மாதம் உன்சான் என்னும் இடத்தில் சீனப் படை அவருடைய படைப்பிரிவைச் சூழ்ந்துகொண்டது. தப்பிச் செல்ல வழியிருந்தும், காயமுற்றவர்களை விட்டுவர மனமின்றி அவர் அங்கேயே தங்கிச் சிறைப்பட்டார். கணுக்கால் முறிந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற வீரரைச் சுட, ஒரு சீன வீரன் துப்பாக்கியை நீட்டினான். அருட்தந்தை நேரே சென்று அத்துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சுட வந்தவனோ திகைத்து நின்றுவிட்டான்.

பியோக்டாங் கைதிகள் முகாமில் கடுங்குளிர். உணவோ கைப்பிடி அளவு. இரவில் அருட்தந்தை காவலரின் தானியக் கிடங்கிலிருந்து உணவைத் திருடி வந்து பங்கிட்டார். திருடப் போகுமுன் நல்ல கள்ளனாகிய புனித டிஸ்மாசிடம் வேண்டிக்கொள்வாராம்! ஏழாம் கட்டளையை மனப்பாடம் செய்த எங்களுக்கு இந்த இடம் முதலில் திகைப்பாக இருந்தது. பசியால் சாகும் மனிதனுக்காக எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல எங்களால் முடியவில்லை. தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி நீர் காய்ச்சினார். நோயாளிகளின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். இறந்தவர்களைப் புதைக்க முன்வந்து, அவர்களுக்காகச் செபித்தார்.

1951 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. காவலர் தடைகளுக்கிடையிலும் விடியற்காலையில் கைதிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதற்குப் பின் நோய் முற்றியது. மருத்துவமனை என்ற பெயரில் மருந்தே இல்லாத ஒரு வீட்டுக்குக் காவலர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். மே 23-இல், 35-ஆம் வயதில் இறந்தார். எத்தனையோ பேரின் புதைகுழியருகே செபித்தவருக்குப் பெயர் எழுதிய கல்லறை கிடைக்கவில்லை.

அவர் இறந்த பின் முகாமுக்கு வந்த ஜெரால்டு ஃபிங்க் என்ற யூத விமானி, பிறர் சொல்லக் கேட்டே உருகி, மரத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கினார். 1953-இல் விடுதலையான கைதிகள் அதைச் சுமந்தபடி வெளியே வந்தனர்.

போர் ஓய்ந்தபின் வட கொரியா ஒப்படைத்த உடல்களுள், அடையாளம் தெரியாதவை ஹவாய்த் தீவில், அணைந்த எரிமலையின் குழியில் அமைந்த இராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்டன. அருட்தந்தையும் அங்கேதான் பெயரின்றிக் கிடந்தார். பெற்றோர் மகனின் கல்லறையைக் காணாமலே கண்மூடினர். 2013-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவர் சார்பில் உறவினரிடம் வழங்கினார். மில்லரும் அங்கே அமர்ந்திருந்தார். அப்போதுகூட உடல் எங்கே என்று எவருக்கும் தெரியாது!

பின்னர் அக்குழிகளைத் தோண்டி, பற்களையும் மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2021 மார்ச்சில் அவர் அடையாளம் தெரிந்தது. செப்டம்பரில் பிறந்த ஊரான பில்சனுக்கும் பேழையைக் கொண்டுசென்றனர். பேராலயம் கொள்ளாத கூட்டமாதலால் ஒரு பெரிய அரங்கில் அடக்கத் திருப்பலி நடந்தது. பிறகு இராணுவ மரியாதையுடன் விச்சிட்டா பேராலயத்தினுள் அடக்கம் செய்தனர்.

1993-இல் இறையடியாரான அவரை, 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்திற்குரியவராக அறிவித்தார். முத்திப்பேறு பட்டத்திற்கு இனி ஒரு புதுமை உறுதிப்படவேண்டும்.