காலைக் காத்த குழாய்க்காரர்



நம்மில் பலர் சேர்வராயன் கோயிலுக்கு ஏறியிருப்போம். 5326 அடி. ஏற்காட்டில் அதுதான் உயரமான இடம். அதுக்கே நமக்கு மூச்சு வாங்குது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் 14000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் 67-இல் ஏறி இறங்கியவர். பெயர் சார்லஸ் டாட்டர். ஆனால் மலை ஏறினதுக்காக அவரைப் பற்றி எழுதவில்லை. நடக்க முடியாமல் போனவர்களை நடக்க வைத்த மனுஷன் என்பதால் எழுதுகிறேன்.

எங்க தாத்தா காப்பி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்தவர். கடைசி சில வருஷமாக மேட்டில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். வயசாச்சு, வாதம் என்று நாங்கள் தைலம் தேய்த்தோம். உண்மையில் அது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு. நாற்பது வருஷம் பிடித்த பீடியின் வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது வரும். அடைப்பு முற்றினால் விரல் கறுக்கும், புண் ஆறாது, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும்.

நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம் ஞாபகம் இருக்கா? ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டமும் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். காலிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். அடைத்த பைப்பைத் தாண்டி இன்னொரு பைப் போட்டுக் கொடுப்பதுதான் பைபாஸ். 1948-இல் பாரிசில் ழான் குன்லின் என்ற சர்ஜன் நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அதன் வால்வுகள் ஓட்டத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலேயும் கீழேயும் தைத்தார். அருமையான வேலை. ஆனால் மயக்க மருந்து கொடுத்துப் பல மணி நேரம் செய்ய வேண்டியது. இதயமும் நுரையீரலும் பலவீனமான வயசாளிக்குக் கால் பிழைத்தாலும் உயிர் போகலாம். தாத்தாவுக்கும் இதையேதான் சொன்னார்கள்: இதயம் தாங்காது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்காக வேறு வழி தேடியவர்தான் டாட்டர்.

1920-இல் பாஸ்டனில் பிறந்தார். 1944-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 32 வயதில் ஓரிகன் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறைத் தலைவரானார். சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். எக்ஸ்ரே டாக்டர் என்றால் அந்தக் காலத்தில் படம் எடுத்துக் கொடுப்பவர், அவ்வளவுதான். கத்தி சர்ஜன் கையில். டாட்டருக்கு அது பிடிக்கவில்லை. குறையைக் கண்ணால் பார்த்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன் என்பது அவர் எண்ணம். இதை நினைக்கும்போது எனக்கு நம்ம ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒருவர்தான் கண்முன் வருகிறார்.

வழி காட்டியது ஒரு தற்செயல். 1963-இல் ஒருவருக்குப் படம் எடுக்க இடுப்புப் பக்கமிருந்து மெல்லிய குழாயை மேலே செலுத்தினார். அந்தத் தமனி அடைத்திருந்தது. குழாய் அடைப்பைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது! வேறொருவர் என்றால் நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்று விட்டிருப்பார். இவரோ, தெரியாமல் செய்தால் திறக்கிற அடைப்பு தெரிந்தே செய்தால் திறக்காதா என்று யோசித்தார்.

1964 ஜனவரி 16. 82 வயதுப் பாட்டி. இடது பாதத்தில் ஆறாத புண், விரல் அழுகல். காலை எடுக்க வேண்டும் என்றார்கள் சர்ஜன்கள். பாட்டி முடியாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். டாட்டர் தொடையில் தமனியின் குறுகலான இடத்தில் முதலில் ஒரு கம்பியை நுழைத்தார். கம்பி மேலே ஒரு சின்னக் குழாய். அதன் மேலே அதைவிடப் பெரிய குழாய். ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள வழி அகன்றது. சில நிமிஷத்தில் பாதம் சூடானது. வலி போனது, புண் ஆறியது. அந்தப் பாட்டி இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், கடைசிவரை சொந்தக் காலில்.

கருவி எங்கே கிடைத்தது என்கிறீர்களா? கடையில் கிடையாது. கிடார் கம்பி, ஃபோக்ஸ்வேகன் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாவற்றையும் வைத்து முயன்றவர் அவர். 1963-இல் சிகாகோவில் ஒரு மாநாட்டில் பில் குக் என்ற இளம் வியாபாரி டெஃப்லான் குழாயை ப்ளோ டார்ச்சால் சூடாக்கி இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். டாட்டர் அந்த டார்ச்சையும் குழாயையும் இரவல் வாங்கி, ஹோட்டல் அறையில் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்துக் குழாய் செய்து மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாராம். நம்ம ஹாஸ்டலில் இதைச் செய்திருந்தால் வார்டன் விட்டிருப்பாரா தெரியாது!

ஆனால் சொந்த நாட்டில் அவருக்கு மரியாதை இல்லை. கிறுக்கு சார்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். படம் மட்டும் எடு, சரிசெய்ய முயலாதே என்று சில சர்ஜன்கள் சீட்டிலேயே எழுதி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தள்ளும்போது கட்டி உடைந்து கீழே போய் அடைத்தால் என்ன செய்வது என்ற பயம் நிஜமானது. ஐரோப்பாவில்தான் இந்த முறையை எடுத்துக்கொண்டு, அவர் பெயரையே வினைச்சொல் ஆக்கி, டாட்டரிங் என்றார்கள். அதைக் கற்ற ஆந்திரியாஸ் குருன்ட்சிக் 1974-இல் சூரிச்சில் குழாய் முனையில் சின்ன பலூன் வைத்துக் காலில் செய்தார். 1977-இல் அதே பலூன் இதயத்துக்குள் போனது. இன்று ஊரெல்லாம் பேசுகிற ஆஞ்சியோபிளாஸ்டி அந்தப் பாட்டியின் காலில் ஆரம்பித்ததுதான்.

பைபாஸ் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நல்ல சிரை இருந்து ஆபரேஷனைத் தாங்கக்கூடியவர்களுக்குப் பைபாஸே மேல் என்று தெரிந்தது. 2023-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்றில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குக் குழாய் முறையே மேல் என்று வந்தது. யாருக்கு எது என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குழாயும் நுழையாத அடைப்பு உண்டு. தாத்தாவுக்கு எதுவாக இருந்ததோ. நாங்கள் போனதே விரல் கறுத்த பிறகு. முதலில் கெண்டைக்கால் பிடித்த அன்றே போயிருந்தால் கேட்பதற்காவது நேரம் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி நின்று நின்று நடந்தால் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்.

டாட்டரின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. 1969-இல் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அதன் பிறகும் மலை ஏறுவதை விடவில்லை. 1978-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் போனது, கிடைக்கவில்லை. அப்புறம் இதயமும் கெட்டது. வாழ்நாளெல்லாம் கத்தி இல்லாத வைத்தியத்துக்காகச் சர்ஜன்களோடு மல்லுக்கட்டியவர், கடைசியில் அதே சர்ஜன்களின் மேஜையில் இதய பைபாஸுக்குப் படுத்தார். 1985 பிப்ரவரி 15 அன்று, 64 வயதில் காலமானார்.