சம்பளம் நான்கு மடங்கு, செலவு மட்டும் அதே 28 பவுண்டு: ஜான் வெஸ்லி போட்ட கணக்கு என்ன?

இன்க்ரிமென்ட் வந்த மறுமாதமே புது போன், கொஞ்சம் பெரிய வீடு, கூடவே ஒரு இ.எம்.ஐ. சம்பளம் ஏறினா செலவும் ஏறத்தானே செய்யும் என்பதுதான் நம்மில் பலரின் கணக்கு. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தில் ஓர் இளைஞர் இதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டார். அவர்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி.

கடனில் மூழ்கிய வீடு

1703-ல் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார் வெஸ்லி. அப்பா சாமுவேல், ஆங்கிலிக்கன் சபையின் போதகர். வீடு நிறையப் பிள்ளைகள், கழுத்து வரை கடன். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் 1705-ல் அப்பா சிறைக்கே போனார். கையில் காசு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை யாரும் வெஸ்லிக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு சிறுமி, சில படங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1726-ல் லிங்கன் கல்லூரியில் ஃபெலோ ஆனார். கையில் ஓரளவு காசு புழங்க ஆரம்பித்தது. நண்பர்களோடு சேர்ந்து சிறைக் கைதிகளைப் பார்க்கப் போவார். ஏழைப் பிள்ளைகள் படிக்க உதவுவார்.

அப்படி உதவி பெற்ற ஒரு சிறுமி, கடும் குளிர்காலத்தில் ஒருநாள் அவரைப் பார்க்க வந்தாள். உடம்பில் மெல்லிய துணி மட்டுமே. ஏதாவது கொடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டால், அநேகமாகக் காலி. பணம் தன் அறைச் சுவரில் மாட்டிய படங்களுக்குப் போயிருந்தது. அவளுக்குப் போர்வையாக வேண்டிய காசு சுவரில் தொங்குகிறதே என்ற உறுத்தல் அவரை விடவே இல்லை.

28 பவுண்டு போதும்

ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் ஓர் இளைஞர் போட்ட கணக்கைப் பிற்காலப் பிரசங்கம் ஒன்றில் வெஸ்லி சொல்கிறார். அது அவருடைய கதையேதான் என்று கருதப்படுகிறது. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. செலவு 28, தானம் 2. அடுத்த ஆண்டு வருமானம் 60, செலவு அதே 28, தானம் 32. பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92 எனத் தானம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பின்னாளில் அவர் எழுதிய மலிவு விலைப் புத்தகங்கள் நன்றாக விற்றன. எதிர்பார்க்காமலே கையில் பெரும் பணம் சேர்ந்தது. வாழ்க்கை மட்டும் மாறவில்லை. 1776-ல் வரி அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பெரிய மனிதரிடம் வெள்ளிப் பாத்திரங்கள் இல்லாமலா இருக்கும்? லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு என மொத்தம் நான்கு வெள்ளி ஸ்பூன்தான் இருக்கிறது. சுற்றிலும் பலர் ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கும்போது இதற்கு மேல் வாங்கப்போவதில்லை என்று பதில் எழுதிவிட்டார்.

தானம் மட்டும் போதுமா?

போதாது என்று நினைத்தார். 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அதே ஆண்டு ஒரு கடன் நிதியும் தொடங்கினார். ஒரு தடவைக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வாரா வாரம் கட்டி, மூன்று மாதத்தில் அடைக்க வேண்டும். 31 பவுண்டுக்கும் குறைவான முதலைச் சுழற்றியே, 18 மாதங்களில் 255 பேருக்கு உதவ முடிந்தது. பிற்பாடு இந்த நிதியில் 5 பவுண்டு வாங்கிய செருப்புத் தொழிலாளி ஜேம்ஸ் லேக்கிங்டன், லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவராக வளர்ந்தார்.

81 வயதில் வீதியில்

1785 ஜனவரி. ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு துணியும் தேவைப்பட்டது. 81 வயது வெஸ்லி ஐந்து நாட்கள் லண்டன் தெருக்களில் நடந்து, கையேந்தி 200 பவுண்டு திரட்டினார். உருகிய பனி கணுக்கால் அளவு கிடந்தது. காலை முதல் மாலை வரை கால்கள் நனைந்தபடியே நடந்தார். சனிக்கிழமை இரவு வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்.

மூன்றாவது விதி

பணம் பற்றி அவர் சொன்ன விதிகள் மூன்று. முடிந்தவரை சம்பாதி, ஆனால் உன் உடம்பையோ அடுத்தவரையோ கெடுத்துச் சம்பாதிக்காதே. முடிந்தவரை மிச்சம் பிடி. முடிந்தவரை கொடு. முதல் இரண்டும் மூன்றாவதற்காகத்தான்.

சிக்கலும் இங்கேதான் வந்தது. பக்தியில் சேர்ந்தவர்கள் குடியை விட்டார்கள், உழைத்தார்கள், சிக்கனமாக இருந்தார்கள். பணம் சேர்ந்தது. ஆனால் முதல் இரண்டு விதிகளோடு பலர் நின்றுவிட்டார்கள். தன் இயக்கமே தன்னைப் பின்பற்றியவர்களைப் பணக்காரர்களாக்கி, கையை இறுக்கிவிட்டதே என்ற வருத்தம் கடைசிக் காலப் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

1791 மார்ச் 2-ல், 87 வயதில் இறந்தார். சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். சவப்பெட்டியை ஆறு ஏழைகள் சுமக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பவுண்டு கூலி. சொந்த இறுதிச் சடங்கின் செலவும் ஏழைகள் கைக்கே போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார்.