காசுகளைப் படித்த சர் வால்டர் எலியட்

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவியர் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றிருந்தோம். முதல் நாள் பெருங்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. ஈர மணலில் எம்முள் ஒருத்திக்குப் பச்சைக் களிம்பேறிய செப்புக் காசு ஒன்று அகப்பட்டது. அதில் இரண்டு கோடுகள் பாய்மரம் போல நின்றன. ஆர்வ மிகுதியால் அவள் வீடு சேர்ந்ததும் புளியிட்டுத் தேய்த்தாள். மறுநாள் பளபளவென்று கொண்டுவந்தாள், கோடுகளைக் காணோம்! களிம்பைச் சுரண்டினால் பழங்காசின் மதிப்பே போய்விடும் என்று வரலாற்று ஆசிரியை கூறியபோதுதான் சர் வால்டர் எலியட்டின் பெயரை நாங்கள் முதன்முதல் கேட்டோம். (சென்னையிலுள்ள எலியட்ஸ் கடற்கரை வேறொரு எலியட்டின் பெயரால் அமைந்தது.)

இவர் 1803-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். 1821-இல், பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சென்னை வந்து இறங்கினார். 1824-இல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படை கம்பெனிப் படையைத் தோற்கடித்து, கலெக்டர் தாக்கரே மாண்டபோது, எலியட் சிறைப்பட்டு ஆறு வாரங்களுக்கு மேல் அங்கிருந்தார். உயிர் பிழைத்தது பெரும் பேறே.

பிறகு பல ஊர்களில் பணி செய்தார். போகுமிடமெல்லாம் கல்வெட்டுகளைப் படியெடுத்தார், காசுகளைத் திரட்டினார். மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் பற்றி 1844-இல் கட்டுரை வெளியிட்டார். விலங்குகளையும் ஆராய்ந்தார். மூங்கில் அணத்தான் என்னும் அணில் போன்ற சிறு பிராணியின் அறிவியற் பெயரில் அவர் பெயர் இன்றும் உள்ளது.

அக்காலத்தில் பொன் வராகன் கிடைத்தால் பலரும் அதை நிறுத்துப் பார்ப்பர். சுமார் மூன்றரைக் கிராம் இருக்கும். தேய்ந்திருந்தால் விலை குறையும். பின்பு உருக்கி நகை செய்துவிடுவர். செம்பும் ஈயமும் ஆனால் கேட்பாரே இல்லை. எலியட்டோ அந்த ஈயக் காசையும் விடவில்லை. பன்றி இருந்தால் சாளுக்கியர், புலி இருந்தால் சோழர், மீன் இருந்தால் பாண்டியர் என்று அரசர்களின் சின்னங்களோடு ஒப்பிட்டார். எந்த ஊரில் எது கிடைத்தது என்பதையும் கவனித்தார். எங்களுக்கு இதுவே அவருடைய சிறப்பாகத் தோன்றுகிறது. இடம் தெரியாத காசு முகவரியில்லாத கடிதம் போன்றதன்றோ!

சோழமண்டலக் கடற்கரையில் கிடைத்த, இரு பாய்மரக் கப்பல் பொறித்த காசுகளைக் குறும்பர் அல்லது பல்லவர் காசுகள் என்று அவர் கருதினார். அவற்றுள் பலவற்றைச் சாதவாகனருடையவை என்று பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர். ஆயினும் அவர் படத்தோடு பதித்து வைத்திராவிட்டால் திருத்துவதற்குக் கூட எதுவும் இருந்திராது.

இவரிடம் எங்களுக்கு ஒரு வருத்தமும் உண்டு. 1845-இல் கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள அமராவதியில் பௌத்தத் தூபியின் சிற்பங்களைத் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-இல் கப்பலேறி லண்டனுக்குப் போயின. இன்றும் அங்கேதான் உள்ளன. காப்பாற்றினார் என்பர் சிலர். கொண்டுபோனார்கள் என்பர் சிலர். எங்கள் வகுப்பிலேயே இதுபற்றி ஒரு பாடவேளை முழுதும் வாதம் நடந்தது, முடிவுதான் ஏற்படவில்லை.

1860-இல் எலியட் தாயகம் திரும்பினார். முதுமையில் கண்பார்வை மங்கி, ஏறக்குறைய முற்றிலும் இழந்தார். நுண்ணிய எழுத்தையும் தேய்ந்த சின்னத்தையும் பார்த்தே ஆராய வேண்டிய துறை இது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த செய்திகள் அவரோடு மறைந்துபோயிருக்கக்கூடும். ஆனால் அவர் விடவில்லை. பார்வையற்ற அந்த நிலையிலேயே தென்னிந்தியக் காசுகள் பற்றிய பெருநூலை முடித்தார். அது 1886-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்து மூன்று.

1887 மார்ச் 1-ஆம் நாள் உயிர் பிரிவதற்குச் சில மணி நேரம் முன்பு அவர் ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்தார். அது டாக்டர் ஜி. யு. போப் அவர்களுக்கு. போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றிய குறிப்பை அறிந்து மகிழ்ந்ததைத் தெரிவித்து, பழைய தமிழ் நூல் ஒன்றைப் பற்றியும் அதில் விசாரித்திருந்தார். கையொப்பத்தை மட்டும் தம் கையாலேயே இட்டார்.