டிரேடர் விக்

டிரேடர் விக் என்ற பெயரால் பரவலாக அறியப்படும் விக்டர் ஜூல்ஸ் பெர்ஜரோன் (டிசம்பர் 10, 1902 - அக்டோபர் 11, 1984) ஓர் அமெரிக்க உணவக உரிமையாளரும் நூலாசிரியரும் ஆவார். மை தாய் எனப்படும் காக்டெயிலை உருவாக்கியவராக இவர் பெரிதும் கருதப்படுகிறார். வெப்பமண்டலப் பழச்சாறுகள் சேர்ந்த மதுக்கலவைகளை வீடுகளிலும் செய்வதற்கு இவரது நூல்கள் வழிவகுத்தன.

வாழ்க்கை

இவர் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். சிறுவயதில் முழங்காலைத் தாக்கிய காசநோயால் இடது காலை இழந்தார். பிற்காலத்தில் தமது மரக்காலில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியைக் குத்திக் காட்டி வாடிக்கையாளரை வியப்பில் ஆழ்த்துவது இவரது வழக்கம்.

அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய மறு ஆண்டான 1934 இல், ஓக்லாந்தில் தம் பெற்றோரின் மளிகைக் கடைக்கு எதிரே, 500 டாலர் முதலீட்டில் ஹிங்கி டிங்க்ஸ் என்ற சிறு மதுக்கூடத்தைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் டான் பீச் என்பவர் நடத்திய, தென்கடல் தீவுகளை நினைவூட்டும் மதுக்கூடம் இவரை ஈர்த்தது. 1930களின் பிற்பகுதியில் தமது கடையையும் அவ்வாறே மாற்றியமைத்து, டிரேடர் விக்ஸ் எனப் பெயரிட்டார். பின்னர் இதன் கிளைகள் லண்டன் உட்படப் பல நகரங்களில் அமைந்தன.

மை தாய்

1944 இல், 17 ஆண்டுகள் பழமையான ஜமைக்கா ரம்மின் சுவை வெளிப்பட வேண்டும் என்ற நோக்கில் விக் இப்பானத்தைக் கலந்தார். அதைச் சுவைத்த தாகித்தி நண்பர்கள் மிக நன்று எனத் தாகித்தி மொழியில் பாராட்டியதிலிருந்து இப்பெயர் வந்தது. இதே பானத்துக்கு டான் பீச்சும் உரிமை கோரியதால் இது குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது.

1953 இல் விக் இதனை ஹவாய்த் தீவின் விடுதிகளில் அறிமுகப்படுத்தினார். அங்கு காலப்போக்கில் அன்னாசிச் சாறும் ஆரஞ்சுச் சாறும் சேர்க்கப்பட்டன. இன்று பலர் அறிந்துள்ளது இவ்வடிவமே. மூலக் கலவையில் இருந்த பழச்சாறு எலுமிச்சை மட்டுமே.

நூல்களும் வீட்டுச் செய்முறையும்

டான் பீச் தமது செய்முறைகளைப் பணியாளர்களும் அறியாதவாறு குறியீடுகளில் எழுதி வைத்தார். விக்கோ 1946 இல் உணவும் பானமும் பற்றிய நூலையும், 1947 இல் மதுக்கலவைக் கையேட்டையும் வெளியிட்டார். ஆயினும் மை தாயின் செய்முறையை அவற்றில் தரவில்லை. அது 1972 இல் வந்த கையேட்டின் திருத்திய பதிப்பில் இடம்பெற்றது.

ஒருவருக்கான அளவு வருமாறு:

* பழமையான ரம் - 60 மி.லி.
* ஆரஞ்சு கியூரசோ - 15 மி.லி.
* பாதாம் பாகு - ஏறத்தாழ 7 மி.லி.
* கற்கண்டுப் பாகு - ஏறத்தாழ 7 மி.லி.
* ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு

இவற்றைப் பொடித்த பனிக்கட்டியுடன் குலுக்கி, பிழிந்த எலுமிச்சை மூடியையும் புதினாக் கொத்தையும் இட்டுப் பரிமாறுவர். சாற்றை அப்போதே பிழிதல் வேண்டும். பிழிந்து வைத்த சாற்றின் மணம் விரைவில் குன்றும். பாகு மிகுந்தால் ரம்மின் சுவை மறைந்துவிடும்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் விக் ஓவியத்திலும் சிற்பத்திலும் ஈடுபட்டார். கலிபோர்னியாவின் ஹில்ஸ்பரோவில் தமது 81 ஆவது வயதில் காலமானார்.