சிரிப்புக்கு ஒரு தீசிஸ்

இலக்கியக் கோட்பாடுன்னாலே நம்மில் பலருக்குக் கொட்டாவிதான் வரும். பன்குரல், கார்னிவல் என்று யாராவது ஆரம்பித்தால் மெல்ல எழுந்து கேன்டீன் பக்கம் போய்விடுவோம். ஆனால் அந்தச் சொற்களைக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்த மனிதரின் கதை தெரிந்தால், கொஞ்சம் உட்கார்ந்து கேட்பீங்க.

மிகயீல் பக்தின், 1895-ல் ரஷ்யாவின் ஓர்யோல் நகரில் பிறந்தவர். இளவயதிலிருந்தே எலும்பை அரிக்கும் நோய் அவருக்கு. 1929-ல் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அந்த நாவல்களில் ஆசிரியர் தன் கருத்தை எல்லார் வாயிலும் திணிப்பதில்லை, ஒவ்வொரு பாத்திரமும் தன் உண்மையைத் தானே பேசுகிறது என்றார். நாடே ஒரே குரலில் பேசணும்னு ஸ்டாலின் ஆட்சி எதிர்பார்த்த காலம் அது!

நூல் வெளிவருவதற்கு முன்பே, 1928 டிசம்பரில் கைதாகியிருந்தார். புத்தகத்துக்காக அல்ல; மதம், தத்துவம் பேசிய குழுக்களோடு பழகியதற்காக. உழைப்பு முகாமில் 5 ஆண்டு என்பது தீர்ப்பு. உடல்நிலை காரணமாக அது கஜகஸ்தானின் குஸ்தனாய் ஊருக்கு நாடுகடத்தலாக மாறியது. அங்கே கணக்கு எழுதிப் பிழைத்தார். 1938-ல் ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நிலையிலும் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்தது என்ன தெரியுமா? சிரிப்பு! பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயை வைத்து, இடைக்காலத் திருவிழாக்களில் சாமானியர்கள் அரசனையும் குருமாரையும் தலைகீழாக்கிக் கேலி செய்ததை எழுதினார். சிரிக்கிற கூட்டத்துக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1940-ல் தீசிஸ் தயார். போர் குறுக்கே வர, வைவா 1946-லதான் நடந்தது. பல மணி நேரம் காரசாரமான விவாதம். டாக்டர் பட்டமே தரலாம் என்று தேர்வாளர்கள் சொல்லியும், 1952-ல் கிடைத்தது அதற்குக் கீழான பட்டம்தான். சரான்ஸ்க் என்ற சிறு நகரத்தில் சத்தமில்லாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

1960-களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் இளம் ஆய்வாளர்கள் சிலர், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்து தேடிப் போனார்கள். அவர்கள் முயற்சியால் தஸ்தயேவ்ஸ்கி நூல் 1963-ல் மறுபதிப்பு கண்டது. ரபலே ஆய்வு 1965-ல் நூலானது. 1975-ல் அவர் இறந்தபோது உலகம் அவரைப் படிக்கத் தொடங்கியிருந்தது.

அடுத்த முறை ஒரு கோட்பாடு புரியலன்னா, அது எந்த ஊர்ல, எந்த வருஷம், யாருடைய ஆட்சியில எழுதப்பட்டதுன்னு முதல்ல பாருங்க. பாதி அங்கேயே புரிஞ்சிடும்.