ஒரு புகைப்படக்காரரின் சினம்

தாவரவியல் வகுப்பில் ஜிம்னோஸ்பெர்ம் பாடம் நடந்தபோது எங்கள் பேராசிரியர் ரெட்வுட் என்னும் மரத்தைக் குறிப்பிட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியக் கடற்கரையை ஒட்டிய மலைகளில், கடல்மூடுபனியைக் குடித்து வளரும் ஊசியிலை மரம் அது. 300 அடிக்கு மேல் உயரும். 2,000 ஆண்டுகள்கூட வாழும். பெயரைத் தமிழாக்கினால் செம்மரம் என்றுதான் வரும். ஆனால் ஆந்திர மலைகளில் விளையும் செம்மரத்திற்கும் இதற்கும் எள்ளளவும் உறவில்லை. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேர்வில் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம்!

அன்று மாலையே நூலகம் சென்றேன். மரத்தைத் தேடிப்போன எனக்கு ஒரு மனிதர் கிடைத்தார். அவர் பெயர் ஆண்ட்ரூ ஹில். கலிபோர்னியாவின் மிகப் பழமையான மாநிலப் பூங்காவான பிக் பேசின், அவர் முயற்சியால் பிழைத்த காடு.

ஹில் 1853-இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். 1867-இல் கலிபோர்னியாவுக்கு வந்து சாந்தா கிளாரா கல்லூரியில் சேர்ந்தார். பணமில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டார். இந்த வரியைப் படித்ததும் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டுத் தேர்வுக் கட்டணத்திற்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போனது நினைவுக்கு வந்தது. ஹில்லுக்கு அப்படி ஒரு தோடு வாய்க்கவில்லை போலும்.

பின்னர் ஓவியம் கற்றுச் சான் ஹோசே நகரில் ஓவியராகவும் புகைப்படக்காரராகவும் தொழில் நடத்தினார். 1899-இல் அருகிலுள்ள சாந்தா குரூஸ் மலையில் பெருந்தீ மூண்டது. தண்ணீர் போதாமல், ஒரு மதுத் தொழிற்சாலையில் பீப்பாய் பீப்பாயாக இருந்த திராட்சை மதுவை ஊற்றித் தீயோடு போராடினார்களாம்! இந்த விந்தையைப் பற்றி வெளியிட விரும்பிய இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று ஹில்லிடம் படங்கள் கேட்டது. அவரும் ரெட்வுட் மரங்களைப் படமெடுக்க ஃபெல்டன் என்ற ஊரின் தோப்புக்குப் போனார். அது தனியார் தோப்பு. கட்டணம் வாங்கி ஆட்களை உள்ளே விடும் இடம். எடுத்த படங்களின் நெகட்டிவ்களைக் கொடுத்துவிட்டுப் போ என்று உரிமையாளர் மறித்தார். ஹில் கொடுக்கவில்லை. ஆயிரம் ஆண்டு நின்ற மரம் ஒரு தனிமனிதனுக்குச் சொந்தமாவது எப்படி என்ற கேள்வியோடு வெளியேறினார்.

அவரைத் தியாகச் செம்மலாகவே காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைப்பில் கை வைத்ததால் வந்த சினம் அது. ஆனால் அந்தச் சினத்தை அவர் தம் ஒருவருக்காகச் செலவிடவில்லை என்பதே பெரிது.

அப்போது மரங்களுக்கு ஆபத்தான காலம். 1849-இல் தங்கம் தேடி மக்கள் திரண்டது முதல், வீடுகளுக்கும் இரயில் பாதைகளுக்குமாகக் காடுகள் வெட்டப்பட்டு வந்தன. அத்தீயில் தம் வீட்டையே பறிகொடுத்த எழுத்தாளர் ஜோசபின் மெக்ராகின் அம்மையார் செய்தித்தாளில் மரங்களுக்காக எழுதினார். 1900 மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்வலர்கள் கூடினர். பிறகு ஒரு சிறு குழு பிக் பேசின் பள்ளத்தாக்கிற்கே சென்று கூடாரமடித்துத் தங்கியது. காட்டைக் கண்ணால் கண்டவர்கள் சும்மா திரும்ப முடியுமா? மே 18 அன்று ஓடைக்கரையில் செம்பர்வைரன்ஸ் கழகம் பிறந்தது. தொப்பியைச் சுற்றி அனுப்பியதில் சேர்ந்த முதல் நிதி 32 டாலர்! செம்பர்வைரன்ஸ் என்பது அம்மரத்தின் சிற்றினப் பெயர். என்றும் பசுமையானது என்று பொருள்.

ஹில்லின் படங்கள் சட்டமன்றத்திற்குச் சென்றன. நேரில் போய்ப் பார்க்காத உறுப்பினர்களுக்கு அப்படங்களே காடாயின. அவருக்காக அங்கே வாதாடியவர்களுள் ஒருவர் பாதிரியார் கென்னா. ஹில் பணமின்றி விட்டுவந்த அதே சாந்தா கிளாரா கல்லூரியின் தலைவர்! 1901-இல் நிலம் வாங்க 2,50,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே 3,800 ஏக்கர் பொதுச்சொத்தானது. 32 டாலர் எங்கே, இத்தொகை எங்கே!

1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஹில்லின் ஓவியங்கள் பல அழிந்தன. 1922-இல் அவர் காலமானார். பூங்கா மட்டும் வளர்ந்து 18,000 ஏக்கரைத் தாண்டியது.

2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ அப்பூங்கா முழுவதையும் ஏறக்குறைய எரித்தது. பழைய கட்டடங்கள் சாம்பலாயின. எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் ரெட்வுட்டின் பட்டை ஓரடி வரை தடிப்பது. அதன் கீழே மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. கருகிய அடிமரங்களிலிருந்து பச்சைத் தளிர்கள் கொத்துக்கொத்தாய் வெடித்தன. இலையே இல்லாத மரத்திற்கு உணவு ஏது? பல பத்தாண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கையில் சேமித்த சர்க்கரையை எடுத்துச் செலவிட்டது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கண்டறிந்தது. 2022 ஜூலையில் பூங்கா பார்வையாளருக்குப் பகுதியளவு திறக்கப்பட்டது.

ஹில்லை மறித்த ஃபெல்டன் தோப்பு என்னவாயிற்று என்று தேடிப் பார்த்தேன். அதுவும் 1954-இல் மாநிலப் பூங்காவின் பகுதியாகிவிட்டது. அங்கே இன்று எடுக்கும் படத்தை யாரும் பறிப்பதில்லை.