'ஒலிம்பிக்' என்ற ஒரே வார்த்தைக்காக உச்சநீதிமன்றம் வரை போன வீரர்... யார் இந்த டாம் வாடெல்?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டெகத்லானில் 6ஆம் இடம் பிடித்தவர் டாக்டர் டாம் வாடெல். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்காக 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் 'கே ஒலிம்பிக்ஸ்' நடத்தக் கிளம்பினார். போட்டிக்குச் சில வாரமே இருக்கும்போது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோர்ட்டில் தடை வாங்கிவிட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வார்த்தை கமிட்டிக்கே சொந்தமாம்! எலிக்கும் நாய்க்கும் ஒலிம்பிக் நடத்தலாம், எங்களுக்குக் கூடாதா என்பதுதான் வாடெல் தரப்பின் ஆதங்கம்.

பெயர் 'கே கேம்ஸ்' ஆனது. ஆனா கூட்டம் குறையல, 1,300க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள்.

1987 ஜூனில் உச்சநீதிமன்றமும் கமிட்டி பக்கமே நின்றது. அடுத்த மாதமே எய்ட்ஸால் வாடெல் இறந்தார், வயது 49.

இந்த வழக்கில் கமிட்டியின் வக்கீல் வான் வாக்கர். பின்னாளில் நீதிபதியாகி, கலிஃபோர்னியாவின் ஒருபாலினத் திருமணத் தடையை 2010இல் ரத்து செய்ததும் இவரேதான். அடுத்த ஆண்டு, தானும் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார்.